கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி: நெட்வொர்க் வேலையை நம்பிப் போகலாமா?

வேலந்தாவளம்_வடக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கொழிஞ்சாம்பாறை போகும் வழியில் எங்கள் வீடு. பள்ளிக்கூடம் தமிழ் மீடியம், கல்லூரி கோவைப் பக்கம், ஈசிஇ முடித்துவிட்டேன். அப்பாவுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு, அதை விட்டால் வேறு வருமானம் இல்லை. தங்கச்சி பிளஸ் டூ படிக்கிறாள். சீக்கிரம் சம்பாதிக்கப் பார் என்று வீட்டில் யாரும் நேராகச் சொல்லவில்லை, ஆனால் எந்தப் பேச்சு எடுத்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது.

இப்போது கையில் இரண்டு வாய்ப்பு. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் மானிட்டரிங் வேலை, என்ஓசி (நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையம்) என்கிறார்கள், மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வரும், கைக்கு 15 ஆயிரம், ஒன்றரை வருஷம் பாண்ட். இன்னொன்று பாலக்காட்டில் இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்கிற ஒருவரிடம் ஃபீல்டு வேலை, சம்பளம் இன்னும் கொஞ்சம் குறைவு, பெட்ரோல் தனியாகத் தருவார்கள். கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் ஜாவா, பைத்தான் என்று கோர்ஸில் சேர்ந்துவிட்டார்கள். நீயும் வா, நெட்வொர்க்கையெல்லாம் இனி கிளவுடு பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். அம்மா, தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கு கேரள பிஎஸ்சியில் (அரசுப் பணித் தேர்வாணையம்) தனி போஸ்ட் வரும், அதற்குப் படி என்கிறார்.

எனக்குப் பிடித்தது நெட்வொர்க்தான். லேபில் இரண்டு சுவிட்சை இணைத்து, விலான் பிரித்து (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காக்கி), நடுவில் ரவுட்டர் வைத்து, கடைசியில் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போனபோது வந்த சந்தோஷம் எனக்கு ப்ரோக்ராம் எழுதும்போது வந்ததில்லை. ஆனால் பிடித்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கிற நிலைமையில் வீடு இல்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். பத்து வருஷம் கழித்து இந்த வேலை இருக்குமா? நைட் ஷிஃப்ட் எவ்வளவு மோசம்? சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வு) எழுதிவிட்டுப் போவதா, போய்விட்டு எழுதுவதா?

---

பொள்ளாச்சி_ரவுட்டிங் எழுதியது:

தம்பி, நான் இந்த வேலைக்கு வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோவையில் ஆரம்பித்து, பெங்களூரில் ரொம்ப நாள் இருந்துவிட்டு, இப்போது பொள்ளாச்சியில் வீட்டிலிருந்தே பெரும்பாலும் வேலை. இந்த வேலைதான் எங்கள் குடும்பத்தை நிமிர்த்தியது, அதை மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்வதைப் படியுங்கள்.

முதலில் நல்லது. இங்கே ஒருமுறை ஒழுங்காகப் படித்தது வீணாகப் போவதில்லை. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான பழைய அர்பாநெட், இன்றைக்கும் இன்டர்நெட் பேசுகிற டிசிபி/ஐபி முறைக்கு மாறியது 1983 ஜனவரி 1ஆம் தேதி. பிஜிபி வந்தது 1989ல், நடுவில் வெர்ஷன் மாறியது, ஆனாலும் இன்றைக்கு உலகத்தில் உள்ள எல்லா இன்டர்நெட் கம்பெனிகளும் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்வது அதே பிஜிபியில்தான். சப்நெட் கணக்கு (நெட்வொர்க்கைச் சின்னப் பகுதிகளாகப் பிரிப்பது) நான் படித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, /26 என்றால் அன்றைக்கும் 62 கணினி, இன்றைக்கும் 62. உங்கள் நண்பர்கள் கிளவுடு பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே, அந்த கிளவுடில் போய் ஒரு விபிசி (கிளவுடுக்குள் நமக்கென ஒரு தனி நெட்வொர்க்) போட்டுப் பாருங்கள், உள்ளே சப்நெட் கேட்கும், ரவுட் டேபிள் கேட்கும், வெளியே போக கேட்வே கேட்கும். அது தெரியாமல் கிளவுடு சர்டிஃபிகேட் மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர்கள், ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு ஏன் போகவில்லை என்ற இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அப்போது நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள்.

இன்னொரு நல்லது, ஊகம் இங்கே செல்லாது. ஒரு பாக்கெட் இந்த வயரில் போகிறதா இல்லையா என்பதைப் பிடித்துப் பார்த்துவிடலாம். எங்கே போய் நிற்கிறது, யார் திருப்பி அனுப்புகிறார்கள் என்று ஒவ்வொரு இடமாகப் பின்னாலேயே போய்க் கண்டுபிடிக்கிறதில் இருக்கிற நிறைவு இவ்வளவு வருஷம் கழித்தும் எனக்குக் குறையவில்லை. லேபில் பிங் போனதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, அந்தச் சந்தோஷம் இருக்கிறவர்களுக்குத்தான் இந்த வேலை.

இப்போது கஷ்டம். வாய்க்காலில் தண்ணீர் வருகிறவரை யாரும் வாய்க்காலை நினைப்பதில்லை, நின்றுபோன அன்றைக்குத்தான் மண்வெட்டியோடு எல்லோரும் வருவார்கள், உங்கள் அப்பாவுக்கு இது தெரியும். நெட்வொர்க்கும் அப்படித்தான். வருஷம் முழுக்க ஒழுங்காக ஓடினால் யாரும் உங்களைத் தேட மாட்டார்கள், அரை மணி நேரம் நின்றால் கம்பெனி முழுவதும் உங்கள் பெயரைக் கேட்கும். அப்புறம் எது மெதுவாக ஓடினாலும் முதல் பழி நெட்வொர்க் மேல். சர்வரில் டிஸ்க் நிறைந்திருக்கும், டேட்டாபேஸில் யாரோ மோசமாக ஒரு குவரி எழுதியிருப்பார்கள், ஆனால் டிக்கெட்டில் ‘நெட்வொர்க் ஸ்லோ’ என்றுதான் வரும். நம் பக்கம் தப்பில்லை என்று நாமே கேப்சர் எடுத்து நிரூபித்த பிறகுதான் அடுத்த டீம் தங்கள் பக்கம் பார்க்கும். பொறுமை இல்லாதவர்களை இது ரொம்பப் படுத்தும்.

மாற்றம் செய்கிற வேலை எல்லாம் ராத்திரியில்தான். மற்றவர்கள் வேலை செய்யாத நேரத்தில்தான் ரவுட்டரில் கை வைக்க முடியும், அதனால் சனி இரவு, ஞாயிறு விடியற்காலை என்று சேஞ்ச் விண்டோ வரும். அந்த நேரத்தில் மனதில் இருக்கும் பயம் சாதாரணம் இல்லை. 2021 அக்டோபர் 4 ராத்திரி நம்மூரில் ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் நின்றது ஞாபகம் இருக்கும், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். வழக்கமான பராமரிப்பில் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் பேக்போனையே துண்டித்துவிட்டது, அப்படித் தப்பான கட்டளையைத் தடுக்க வேண்டிய சாஃப்ட்வேரில் பிழை இருந்ததால் அதுவும் தடுக்கவில்லை. டேட்டா சென்டரோடு தொடர்பு இல்லை என்று கண்ட, இணையப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்கள் தங்கள் பிஜிபி அறிவிப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டன, உலகத்துக்கே வழி மறைந்துபோனது. உள்ளே லாகின் செய்யவும் அதே நெட்வொர்க்தான் வேண்டும் என்பதால் ஆட்கள் நேரில் போக வேண்டியதாயிற்று, அங்கே பாதுகாப்புக் கெடுபிடி தாண்டி உள்ளே போகவே நேரம் பிடித்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே இது நடக்கும் என்றால் நம் கையில் இருக்கும் ரவுட்டருக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ரோல்பேக் (பழையபடி திருப்பும் படிகள்) எழுதி வைக்காமல், வேறு வழியாக உள்ளே போக ஒரு பாதை இல்லாமல், எந்த மாற்றத்திலும் கை வைக்கக் கூடாது. இதை முதல் மாதத்திலேயே பழகுங்கள்.

சிசிஎன்ஏ பற்றி. 2020 பிப்ரவரியிலிருந்து ஒரே தேர்வு, 200-301, 120 நிமிஷம், கட்டணம் 300 டாலர், வரி தனி. மூன்று வருஷம்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். சம்பளம் இல்லாத வீட்டில் இருந்துகொண்டு இந்தப் பணத்தைக் கடன் வாங்கிக் கட்டாதீர்கள். பாடத்தை மட்டும் இப்போதே முழுதாகப் படியுங்கள், சிஸ்கோவின் லேப் சாஃப்ட்வேரான பேக்கெட் ட்ரேசர் இலவசம், சுமாரான லேப்டாப் போதும். வேலைக்குப் போய் ஆறேழு மாதம் கழித்துத் தேர்வு எழுதலாம், பல கம்பெனிகளில் பாஸானால் பணத்தைத் திருப்பித் தருவார்கள், சேரும்போதே கேளுங்கள்.

---

மீனாட்சிபுரம்_அக்கா எழுதியது:

மேலே அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனால் அவர் ஷிஃப்டைத் தொட்டும் தொடாமல் விட்டுவிட்டார். நான் கோவையில் நாக்கில் (என்ஓசியைத்தான் நாக் என்போம்) நாலு வருஷத்துக்கு மேல் இருந்தேன், இப்போது பகல் வேலைக்கு மாறியாயிற்று. ஷிஃப்ட் பற்றி நான் சொல்கிறேன்.

ராத்திரி வேலை என்பதைவிட, மாறிக்கொண்டே இருப்பதுதான் உடம்பைக் கெடுக்கும். இந்த வாரம் காலை, அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் ராத்திரி என்றால் உடம்பு ஒன்றுக்குப் பழகும் முன் அடுத்தது வந்துவிடும். ஒரு மாதம் முழுக்க ஒரே ஷிஃப்ட் என்றால் சமாளிக்கலாம். அதனால் இன்டர்வியூவில் மூன்று ஷிஃப்ட் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை மாறும் என்று கேளுங்கள், ராத்திரி முடிந்து அடுத்த ஷிஃப்ட் ஆரம்பிக்க நடுவில் எவ்வளவு நேரம் விடுவார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் நம் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் உள்ள ஒரு தொல்லை. கம்பெனி வண்டி இவ்வளவு கிலோமீட்டர் வரை என்று ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். எல்லை தாண்டிக் கேரளாவுக்குள் வர வண்டிக்குப் பெர்மிட் வேண்டும் என்று சொல்லி எல்லையிலேயே இறக்கிவிடுவார்கள். அர்த்தராத்திரியில் அப்பா பைக்கோடு வந்து நின்றுகொண்டிருப்பார். மழைக்காலத்தில் அவர் அப்படி நிற்பதைப் பார்த்து எனக்கு மனசு தாங்காமல்தான் கோவையில் ஹாஸ்டல் எடுத்தேன், சம்பளத்தில் பாதி அதற்கே போனது. நீங்கள் பையன், பைக்கில் போய்விடலாம் என்று நினைப்பீர்கள். ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் சரவணம்பட்டியிலிருந்து காந்திபுரம், உக்கடம் தாண்டி வேலந்தாவளம் வரை பைக் ஓட்டாதீர்கள், இதை அக்காவாகச் சொல்கிறேன். 15 ஆயிரத்தில் அங்கே ரூம், சாப்பாடு போக வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்று இப்போதே ஒரு பேப்பரில் கணக்குப் போடுங்கள்.

பொங்கலும் கிடையாது, ஓணமும் கிடையாது, யாராவது ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். கல்யாணம் ஆகாதவர்கள்தானே என்று புதிதாக வந்தவர்கள் தலையில்தான் அது விழும்.

இவ்வளவு சொன்னாலும் அந்த நாக் வேலைதான் என்னை ஆளாக்கியது. ஒரே ராத்திரியில் பத்து இடத்து லிங்க் விழும், எது கரண்ட் போனதால், எது ஃபைபர் வெட்டுப்பட்டதால், எது கான்ஃபிக் குழப்பத்தால் என்று அலாரம் வந்த வரிசையைப் பார்த்தே சொல்லப் பழகிவிடுவோம். அதை எந்த கோர்ஸும் கற்றுத்தராது. பாலக்காட்டு பிராஞ்சில் இருக்கிற சேட்டனிடம் மலையாளத்தில் பேசி மோடத்தில் எந்த லைட் எரிகிறது என்று கேட்டு, அடுத்த நிமிஷம் கோவை லைன்மேனிடம் தமிழில் சொல்லி, அதையே எல்லா டீமும் சேர்ந்திருக்கும் பிரிட்ஜ் காலில் இங்கிலீஷில் சொல்லத் தெரிந்த ஆட்கள் எங்கள் டீமில் எல்லைப்பக்கத்துக்காரர்கள்தான். மேனேஜர்கள் அதைக் கவனிப்பார்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்காமல் சேராதீர்கள். எல்1ல் (முதல் நிலையில்) இருப்பவருக்கு ரவுட்டர், சுவிட்சில் லாகின் கொடுப்பார்களா, பார்ப்பதற்காவது கொடுப்பார்களா? சில இடங்களில் ஸ்கிரீனில் சிவப்பு வந்தால் டிக்கெட் போட்டு அடுத்த டீமுக்குத் தள்ளுவது மட்டும்தான் வேலை. அங்கே ஒன்றரை வருஷம் உட்கார்ந்தால் பேப்பரில் அனுபவம் இருக்கும், அடுத்த இன்டர்வியூவில் ஏஆர்பி என்றால் என்ன என்று கேட்டால் வாய் வராது.

---

கோவை_பேக்கெண்ட் எழுதியது:

நான் வேறு மாதிரி நினைக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் ஈசிஇதான், நெட்வொர்க்கில் ஒரு வருஷம் இருந்துவிட்டு டெவலப்பராக மாறினேன். ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்ய வாய்ப்பு எனக்கு அங்கேதான் அதிகமாகக் கிடைத்தது. நான் ஒன்றைச் செய்து காட்டினால் அதைப் பார்த்து வேலை தருகிறார்கள். நெட்வொர்க்கில் ஆரம்பத்தில் காட்ட என்ன இருக்கிறது? சர்டிஃபிகேட்தான், அதற்கும் டாலரில் கட்ட வேண்டும். குடும்பத்துக்குச் சீக்கிரம் நல்ல வருமானம் வேண்டும் என்பதுதான் முதல் தேவை என்றால், ஆறு மாதம் கஷ்டப்பட்டு ஒழுங்காக கோடிங் படிப்பதையும் யோசியுங்கள். மேலே இரண்டு பேரும் நெட்வொர்க்கை நேசிக்கிறவர்கள், அதனால் முதல் மூன்று வருஷச் சம்பளம் எவ்வளவு மெதுவாக ஏறும் என்பதை அழுத்திச் சொல்லவில்லை. அது மெதுவாகத்தான் ஏறும்.

---

சித்தூர்_ஃபைபர் எழுதியது:

பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரா சித்தூர் இல்லை. எல்லோரும் சரவணம்பட்டி வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள், ஃபீல்டு வேலையை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. நான் அதில்தான் இருக்கிறேன், அதனால் அதைச் சொல்கிறேன்.

ஏசி ரூமில் இருப்பவர் ஸ்கிரீனில் லிங்க் டவுன் என்று பார்க்கிறார். அது ஏன் விழுந்தது என்று கம்பத்தின் மேல் ஏறிப் பார்ப்பது நாங்கள். நம் பக்கத்தில் ஃபைபர் பெரும்பாலும் கரண்ட் கம்பத்தின் மேலேதான் போகிறது, கேரள அரசு 2023 ஜூனில் திறந்து வைத்த ஃபைபர் இன்டர்நெட் திட்டமான கேஃபோனே மின்வாரியத்தின் கம்பங்களையும் லைன்களையும் நம்பித்தான் போடப்பட்டது. அதில் தென்னை மட்டை விழும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி ஆடியில் கேபிளை ஆட்டி ஆட்டிக் கிளாம்ப் கழன்றுபோகும், ரோடு அகலப்படுத்துகிறேன் என்று ஜேசிபி தோண்டினால் மண்ணுக்குள் இருக்கிறதும் போய்விடும். எல்லாவற்றையும்விடத் துலாவர்ஷ இடி. ஐப்பசியில் சாயங்காலம் ஒரு இடி இடித்தால் மறுநாள் காலை வரிசையாக போன் வரும், மோடம் போச்சு, சுவிட்ச் போச்சு, சிசிடிவி போச்சு என்று. ஃபைபரில் கண்ணாடி இழை வழியாக மின்சாரம் வராது, ஆனால் ஒரு கட்டடத்திலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்குக் காசு மிச்சம் பிடிக்க கேட்6 செம்புக் கேபிளை வெளியே இழுத்திருப்பார்கள், அது இடியை நேராக உள்ளே கூட்டி வரும். வெளியே போகிற எதுவும் ஃபைபராக இருக்க வேண்டும், எர்த்திங் சரியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஸ்கூலிலும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. செம்பில் 100 மீட்டருக்கு மேல் இழுக்கவும் கூடாது, அதையும் கேட்பதில்லை.

இதில் படிப்பு இல்லை என்று நினைக்காதீர்கள். ஜிபானில் (ஒரு ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் முறை) ஒரு போர்ட்டை 32 வீட்டுக்குப் பிரித்தாலே ஸ்ப்ளிட்டரில் மட்டும் 17 டிபி (ஒளி இழப்பின் அளவு) போய்விடும். அதற்கு மேல் தூரம், ஜாயின்ட், அழுக்குப் பிடித்த கனெக்டர் எல்லாம் சேர்ந்து வீட்டில் பவர் மீட்டர் வைத்தால் மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே போகக் கூடாது, போனால் மழை நாளில் இன்டர்நெட் வந்து வந்து போகும். ஓடிடிஆர் கருவியை வைத்து எத்தனையாவது மீட்டரில் வெட்டு என்று பார்த்து, அந்த இடத்துக்கு நேராகப் போய் நிற்பது ஒரு திறமை. ஸ்ப்ளைசிங் மெஷினில் இரண்டு இழையை ஒட்டி 0.05 டிபிக்குள் வருகிறபோது கை சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு டியூபில் 12 நிறம், நீலம், ஆரஞ்சு, பச்சை என்று வரிசை மாறாமல், டார்ச் வெளிச்சத்தில் பார்த்துப் பிரிக்க வேண்டும். நிறம் பிரித்துப் பார்ப்பதில் கண்ணில் குறை இருக்கிறவர்கள் இதில் வராதீர்கள். லைவ் ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது, அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

கஷ்டம் என்ன என்றால் சம்பளம். இதில் உயரம் கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமை, திருவிழா எதுவும் இல்லை, கஸ்டமர் திட்டுவதையும் நேரில் வாங்கிக்கொள்ள வேண்டும். கம்பத்தில் ஏறுகிறபோது பெல்ட், கையுறை தராத இடத்தில் ஒரு நாள்கூட இருக்காதீர்கள், பக்கத்திலேயே கரண்ட் லைன் போகிறது. இன்ஷூரன்ஸ் யார் பெயரில் என்று கேளுங்கள். என்னோடு இருந்த இரண்டு பேர் ஃபைபர் அனுபவத்தை வைத்து துபாய் போய்விட்டார்கள், நன்றாக இருக்கிறார்கள். நீங்கள் இன்ஜினியரிங் படித்தவர், ஃபீல்டில் ஒரு வருஷம் இருந்துவிட்டு அப்புறம் நாக்குக்குப் போனால், அங்கே உட்கார்ந்திருக்கிற மற்றவர்களைவிட உங்களுக்கு நிறையத் தெரியும். அப்படியே ஃபீல்டில் நின்றுவிட்டால் முப்பத்தைந்து வயதில் முதுகு சொல்லும்.

---

வேலந்தாவளம்_வடக்கு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன லாகின் கேள்வி எனக்குத் தோன்றியே இருக்காது. சித்தூர் அண்ணா, எங்கள் வீட்டிலும் போன ஐப்பசியில் மோடம் போனது, காரணம் இப்போதுதான் புரிகிறது.

கோவை_பேக்கெண்ட் அண்ணா சொன்னதை ரெண்டு நாளாக யோசிக்கிறேன். சம்பளம் மெதுவாக ஏறும் என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பயம், மானிட்டரிங் வேலையையே சாஃப்ட்வேர் செய்துவிடும், இப்போது வருகிற ஏஐ அலாரத்தைப் பார்த்து டிக்கெட்டும் போட்டுவிடும் என்கிறார்களே, அப்படியானால் நான் சேரும் இடமே இல்லாமல் போய்விடாதா? பாண்ட் பற்றியும் யாரும் சொல்லவில்லை. சேரும்போது ஒரிஜினல் சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டும் என்று போனில் சொன்னார்கள்.

---

கஞ்சிக்கோடு_பிளான்ட் எழுதியது:

ஒன்றை யாரும் சொல்லவில்லை. கஞ்சிக்கோடு இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் உள்ள ஃபேக்டரிகளுக்கும் நெட்வொர்க் ஆள் வேண்டும். மெஷினைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி, சென்சார், கேமரா எல்லாம் இப்போது ஈதர்நெட்டில்தான் பேசுகின்றன. ஐடி கம்பெனி அளவுக்குச் சம்பளம் ஆரம்பத்தில் இருக்காது, ஆனால் எங்கள் பிளான்டில் பெரும்பாலும் ஜெனரல் ஷிஃப்ட், வீட்டிலிருந்து போய் வரலாம். ஈசிஇ படித்தவர்களுக்கு மெஷின் பக்கமும் புரியும் என்பதால் நல்ல பொருத்தம். ஆபீஸ் நெட்வொர்க்கையும் மெஷின் நெட்வொர்க்கையும் பிரித்து, நடுவில் ஃபயர்வால் வைக்கத் தெரிந்தவர்கள் இங்கே குறைவு. வேலை இருக்கிறது என்று பேப்பரில் விளம்பரம் வராது, நேரில் போய் பயோடேட்டா கொடுத்தால்தான் தெரியும்.

---

பொள்ளாச்சி_ரவுட்டிங் எழுதியது:

பாண்டை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். சரிபார்க்க வேண்டும் என்றால் நேரில் காட்டலாம், அவர்கள் பார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தரட்டும், ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளட்டும். என்னிடம் வந்த ஒரு பெண்ணின் சர்டிஃபிகேட்டை முன்பு இருந்த இடத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, நல்ல வேலை கிடைத்தும் சேர முடியாமல் அந்தப் பிள்ளை எவ்வளவு அலைந்தது என்று எனக்குத் தெரியும், இன்றைக்கும் நினைத்தால் கோபம் வருகிறது. நடுவில் விலகினால் எவ்வளவு பணம், ஆறு மாதம் இருந்துவிட்டுப் போனால் அந்தத் தொகை குறையுமா, அவர்கள் உங்களை நீக்கினாலும் கேட்பார்களா, இது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். சம்பளம் தருவது அந்தக் கம்பெனியா, நடுவில் வேறு ஒரு பேரோல் கம்பெனியா என்றும் பாருங்கள். பிஎஃப் பிடிப்பதாகச் சொன்னால் யுஏஎன் நம்பர் வாங்கி, பணம் உண்மையிலேயே விழுகிறதா என்று நீங்களே பாஸ்புக்கில் பார்க்கலாம். வேலை வாங்கித் தருகிறேன் என்று டெபாசிட் கேட்டால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஏஐ பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். ஸ்கிரீனைப் பார்த்து டிக்கெட் போடும் வேலை குறையும், குறைந்துகொண்டும் இருக்கிறது. நான் ஆரம்பித்த காலத்தில் ஒரு ஷிஃப்டுக்கு எங்கள் ஃப்ளோரில் இருந்த ஆட்களில் பாதிப் பேர்தான் அதே மாதிரி இடத்தில் இப்போது இருக்கிறார்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அதே மாற்றம்தான் கொஞ்சம் பைத்தான் தெரிந்த நெட்வொர்க் ஆளுக்கு மதிப்பை ஏற்றியிருக்கிறது. நூறு சுவிட்சில் ஒரு விலான் சேர்க்க வேண்டும் என்றால் முன்பு ஒவ்வொன்றாக லாகின் செய்து இரண்டு ராத்திரி உட்காருவோம். நெட்மிகோ என்று பைத்தானில் ஒரு லைப்ரரி இருக்கிறது, அன்சிபிள் என்ற ஆட்டோமேஷன் கருவி இருக்கிறது, ஒழுங்காக எழுதினால் அரை மணி நேர வேலை. தப்பாக எழுதினால் நூறு சுவிட்சும் ஒரே நேரத்தில் போகும், அதனால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்த ஆள் வேண்டியிருக்கிறது. விலான், ட்ரங்க், ஸ்பேனிங் ட்ரீ, ஓஎஸ்பிஎஃப் என்ற நெட்வொர்க் அடிப்படைகள் தெரியாமல் ஸ்கிரிப்ட் மட்டும் தெரிந்தவரிடம் நான் நெட்வொர்க்கைக் கொடுக்க மாட்டேன். ஏஐ கொடுக்கும் கான்ஃபிக்கும் அப்படித்தான், அது சரியா என்று படித்துப் பார்க்கத் தெரிந்தவர் கையில்தான் பயன்.

கோவை_பேக்கெண்ட் சொன்னதில் உண்மை இருக்கிறது, முதல் மூன்று வருஷம் மெதுவாகத்தான் ஏறும், நான் அதை இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். காட்ட ஒன்றும் இல்லை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கணினிக்குள்ளேயே நெட்வொர்க் லேப் போட உதவும் ஈவிஎன்ஜியிலோ ஜிஎன்எஸ்3யிலோ இரண்டு பிராஞ்ச், ஒரு ஹெட் ஆபீஸ், நடுவில் பிஜிபி என்று ஒரு லேப் போடுங்கள், வரைபடம், கான்ஃபிக், நீங்கள் வேண்டுமென்றே ஒரு லிங்க்கை அறுத்தபோது ட்ராஃபிக் எந்த வழியாகத் திரும்பியது என்ற அவுட்புட், எல்லாவற்றையும் கிட்ஹப்பில் வையுங்கள். நான் ஆள் எடுக்கும்போது அதைக் கொண்டுவருகிற ஃப்ரெஷரை இதுவரை ஓரிருவரைத்தான் பார்த்திருக்கிறேன், அவர்களை விட்டதில்லை. இன்டர்வியூவில் நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். வேறு சப்நெட்டில் இருக்கிற ஒரு கணினிக்கு பிங் போடுகிறீர்கள், என்டர் தட்டியதிலிருந்து பதில் வருகிறவரை என்னென்ன நடக்கிறது, எந்த இடத்தில் மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டின் முகவரி) மாறுகிறது, எது மாறாது? இதைப் பத்து நிமிஷம் தடுமாறாமல் சொல்கிறவருக்கு மற்றதை நாங்கள் சொல்லித்தந்துகொள்வோம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், லாகின் கொடுக்கிறார்கள், ஷிஃப்ட் மாதத்துக்கு ஒருமுறைதான் மாறும், பாண்ட் தொகை நியாயமாக எழுத்தில் இருக்கிறது, ஒரிஜினல் கேட்கவில்லை என்ற நாலும் சரியாக இருந்தால் சரவணம்பட்டிக்குப் போவேன். லாகின் இல்லை என்றால் சித்தூர் தம்பி சொன்ன ஃபீல்டு வேலை ஒரு வருஷத்துக்கு மேல், அதற்குள் சிசிஎன்ஏ. கஞ்சிக்கோட்டில் ஒரு நாள் போய் நாலு கம்பெனி வாசலில் கேட்டுப் பார்ப்பதிலும் நஷ்டம் இல்லை, பஸ் காசுதான். பிஎஸ்சி நோட்டிஃபிகேஷன் வந்தால் அம்மாவுக்காக அப்ளிகேஷனும் போட்டு வையுங்கள், எதையும் அது தடுக்காது.

---

மீனாட்சிபுரம்_அக்கா எழுதியது:

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ராத்திரி ஷிஃப்டில் கூட்டம் குறைவு, சீனியர்களுக்கும் கொஞ்சம் நேரம் இருக்கும். சேஞ்ச் நடக்கிற ராத்திரிகளில் உங்கள் வேலை முடிந்திருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேளுங்கள். நான் பிஜிபி படித்தது புத்தகத்தில் கொஞ்சம், அப்படி உட்கார்ந்து பார்த்ததில் நிறைய.

---

வேலந்தாவளம்_வடக்கு எழுதியது:

திங்கட்கிழமை எச்ஆருக்கு போன் பண்ணி இந்த நாலையும் கேட்கிறேன். செவ்வாய் கஞ்சிக்கோடு போகிறேன், பிளான்ட் அண்ணா, எந்தக் கேட்டில் யாரைப் பார்க்க வேண்டும் என்று தனிச் செய்தியில் சொல்ல முடியுமா? ஆஃபர் லெட்டரில் பாண்ட் பற்றி ‘பயிற்சிச் செலவு’ என்று ஒரு பத்தி இருக்கிறது, தொகை போடாமல் விட்டிருக்கிறார்கள்.

---

பொள்ளாச்சி_ரவுட்டிங் எழுதியது:

தொகை இல்லாத பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். எண்ணைப் போட்டு மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள், வந்ததும் கம்பெனி பெயரை மறைத்துவிட்டு அந்தப் பத்தியை மட்டும் இங்கே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.